இண்டர்வியூ படலம்

"உத்தியோகம் புருஷ லக்ஷணம்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த லக்ஷணம் இப்போது ஸ்திரீகளையும் வந்து அடைந்திருக்கிறது, சந்தோஷமே. ஆனால் உத்தியோகத்துக்கு முன்னால் இண்டர்வியூ என்று ஒரு வாசற்படி இருக்கிறதே, அதைத் தாண்டுவதற்கு என்ன லக்ஷணம் வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பெரியோர்கள் சொல்லாமலே போய்விட்டார்கள். அதன் பலனாக, ஊருக்கு ஊர் அதைச் சொல்லித் தருவதற்கென்றே பள்ளிக்கூடங்கள் கிளம்பியிருக்கின்றன. எப்படி உள்ளே நுழைவது, எப்படி உட்காருவது, எந்தச் சமயத்தில் புன்னகை புரிவது என்பதற்கெல்லாம் அங்கே பாடம் நடக்கிறது. புன்னகைக்குச் சம்பளம் கட்டிப் படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது பாருங்கள்!

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நான் ஒரு பாங்கியில் 34 வருஷ காலம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். கடைசி எட்டு வருஷங்களில், ஆள் எடுக்கும் கமிட்டியில் ஓர் அங்கத்தினனாக அடிக்கடி உட்கார நேர்ந்தது. ஆகையால் மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் புலி என்றும் கரடி என்றும் அபேட்சகர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை என்னவென்றால், காலை பத்து மணிக்கு உட்கார்ந்து, விளக்கு வைப்பதற்குள் இருபது பேரைப் பார்த்து முடிக்க வேண்டிய சாதாரண மனிதர்கள் அவர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே வருகிற அபேட்சகருக்கு எதிரே இருப்பவர்கள், சாப்பாட்டுக்குப் பிற்பட்ட தூக்கத்தோடு மகா யுத்தம் செய்துகொண்டிருப்பவர்கள். அவர்களில் ஒருவர் தம்முடைய படிப்பைக் காட்டிக்கொள்வதற்காகவே கேள்வி கேட்பார். இன்னொருவர் கடியாரத்தைப் பார்ப்பார். இதெல்லாம் மனித சுபாவம், மாற்ற முடியாது.

ஒரு நாள் காலையில் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. "உங்களிடம் இருக்கும் குறை என்ன?" என்று எங்கள் தலைவர் வரிசையாக எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் ஆசாமி, "நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன், அதுதான் என் குறை" என்றார். இரண்டாவது ஆசாமிக்கும் அதே குறை. மூன்றாவது, நான்காவது என்று ஏழு பேருக்கு அதே வியாதி! ஏழு பேரும் ஒரே வைத்தியரிடம் மருந்து வாங்கியவர்கள் என்பது தெளிவாயிற்று. எட்டாவதாக வந்த பையன் சற்று யோசித்தான். பிறகு, "ஸார், நான் அவசரமாக எழுதினால் என் ஏழு ஒன்று மாதிரி இருக்கும். கணக்குப் பரீட்சையில் அதனால் மார்க்கு போயிருக்கிறது. இப்போது ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட்டு எழுதுகிறேன்" என்றான். எங்கள் தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று காலையிலிருந்து அவர் காதில் விழுந்த முதல் விவரம் அதுதான். பாங்கியில் ஏழு ஒன்றானால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா?

இன்னொருவர் தமது பொழுதுபோக்கு "தோட்டக்கலை" என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். "இப்போது உங்கள் தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது?" என்று நான்தான் கேட்டேன். மனிதர் திகைத்துப் போனார். வீட்டில் தோட்டமே இல்லை. எதையாவது எழுத வேண்டுமே என்று எழுதியது! அதற்குப் பிறகு அவர் சரியாகச் சொன்ன பதில்களைக்கூட எங்களால் நம்ப முடியவில்லை. பாவம், மற்ற விஷயங்களில் கெட்டிக்காரர்.

இதிலிருந்து நான் கண்டது ஒன்று. இண்டர்வியூவுக்குப் பாடப் புத்தகம் கடையில் விற்பதில்லை. அபேட்சகர் தம் கையாலேயே எழுதி அனுப்பிய விண்ணப்பம்தான் அந்தப் புத்தகம். டில்லியில் தேர்வாணைக் கமிஷன் நடத்தும் பெரிய உத்தியோகப் பரீட்சையிலும் இதே கதைதான். மொத்தம் 2025 மார்க்கில் 275 மார்க்கு நேர்முகத்துக்கு. அங்கேயும், அபேட்சகரின் சொந்த ஊர், படிப்பு, பொழுதுபோக்கு எல்லாம் எழுதிய விண்ணப்பம் கமிட்டியார் முன்னால் இருக்கும்; கேள்விகளில் பெரும் பகுதி அதிலிருந்தே முளைக்கும். அப்படியிருந்தும் ஜனங்கள் உலகத்து விஷயங்களையெல்லாம் நெட்டுருப் போடுகிறார்களே தவிர, தாங்கள் எழுதிய நாலு பக்கத்தை மறுபடி ஒரு தடவை வாசிப்பதில்லை.

இந்தச் சித்தாந்தத்தைப் பரிசோதித்துப் பார்க்க எனக்குச் சமீபத்தில் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. கும்பகோணத்தில் இருக்கும் என் தமக்கையின் பெண் பி. காம். தேறியவள். தகப்பனார் இல்லாத குடும்பம். தமக்கை ரவிக்கை தைத்துத்தான் பெண்ணைப் படிக்கவைத்தாள். பாங்கி உத்தியோகஸ்தர்களுக்கான எழுத்துப் பரீட்சையில் பெண் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை தேறி, இண்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. சென்னையில் எங்கள் வீட்டுக்குப் பத்து நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தாள். கையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். அதில் 120 கேள்விகளும் அவற்றுக்கு இங்கிலீஷில் 120 பதில்களும். பயிற்சிப் பள்ளியில் கொடுத்ததாம். 43-ஆவது பதிலைப் பார்த்தேன். "நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன்" என்றிருந்தது! பழைய சிநேகிதனைக் கண்டது போல் இருந்தது எனக்கு.

அன்று மாலையே எங்கள் கூடத்தில் ஒரு கமிட்டி கூடியது. என் மனைவிதான் தலைவர். அடுத்த வீட்டுத் தலைமை ஆசிரியர் ஓர் அங்கத்தினர், நான் ஒருவன். பெண் வாசற்கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, நமஸ்காரம் சொல்லி உட்கார்ந்தாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, "பி. காம். தேறி இரண்டு வருஷம் ஆகிறதே, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டேன்.

"போட்டிப் பரீட்சைகளுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன்" என்று, 17-ஆவது பதிலை ஒப்புவித்தாள்.

"ஏன் பெண்ணே, பாத்திரக் கடைக்குப் போய்க் கொண்டிருந்ததாக உன் அம்மா எழுதியிருந்தாளே?" என்றாள் கமிட்டித் தலைவர்.

பெண்ணின் முகம் சுண்டிப் போயிற்று. "அதையெல்லாம் போய்ச் சொல்வார்களா, அத்தை? அது ஒரு வேலையா? கையில் ஒரு கடிதாசு கூடக் கிடையாது" என்றாள்.

விசாரித்ததில் விஷயம் மெள்ள மெள்ள வெளிவந்தது. கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரக் கடை ஒன்றில் இரண்டு வருஷமாக இவள்தான் கணக்கு எழுதுகிறாள். நாள்வழிச் சிட்டை, பேரேடு, வருஷ முடிவில் ஐந்தொகை எல்லாம் இவள் பொறுப்பு. பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குகிறவர்களுக்குக் கழிவு கணக்குப் பார்ப்பது, கலியாணக்காரர்களின் பாக்கியைக் குறித்து வைப்பது, நாச்சியார்கோவில் பட்டறைக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்த விவரம் எழுதுவது, இவ்வளவும் தெரியும். இத்தனையையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, "தயார் செய்துகொண்டிருந்தேன்" என்று சொல்லப் போகிறாளாம்! அதுவும் பாங்கிக்காரர்களிடம்!

"அம்மாடி, விளக்குப் பட்டறைக்காரர் ஒருவர் பாங்கிக்கு வந்து கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள். நீ என்ன பார்ப்பாய்?" என்று கேட்டேன்.

நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. அதனால் பெண் தானாகவே பேச ஆரம்பித்தாள். "அவர் எந்த மாதத்தில் கடன் கேட்கிறார் என்று பார்ப்பேன், மாமா. தையிலும் ஆவணியிலும் கலியாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்குவார்கள். கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு போகும். ஆடியிலும் மார்கழியிலும் கடையில் ஈ ஓட்டுவோம். அவருக்கு ஆடியில் தவணை வைத்தால் கட்ட முடியாது. பித்தளை விலை ஏறினால், ஒப்புக்கொண்ட விலைக்கு விளக்குச் செய்து கொடுக்க முடியாமல் திண்டாடுவார். பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்பேன்" என்று மளமளவென்று சொன்னாள்.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கடன் வாங்குகிறவருக்குப் பணம் எப்போது வரும் என்று பார்த்துத் தவணை வைக்க வேண்டும் என்பது பாங்கித் தொழிலின் அரிச்சுவடி. அதைச் சில கிளை மானேஜர்களுக்கே வருஷக் கணக்கில் சொல்லித் தர வேண்டியிருந்தது. இந்தப் பெண் அதைப் பாத்திரக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறாள்; கற்றுக்கொண்டதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள்!

"சம்பளச் சீட்டு இல்லை, அத்தாட்சி இல்லை என்று நீயே முதலில் சொல்லிவிடு. அதற்குப் பிறகு நீ செய்த வேலையைச் சொல்" என்றேன். அவளுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. ஆகவே அவளுடைய ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்தேன்.

கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தவர் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். அவர் வேலை தேடி அலைந்த கதை அவ்வளவாகத் தெரியாது. காலேஜ் பரீட்சையில் தேறாத அவர், 1910-ஆம் வருஷத்தில் கணக்கு நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, திருக்கோவிலூரில் டிபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம் போனார். பிறகு நெல்லூரில் கலெக்டராயிருந்த ராமச்சந்திர ராவைக் கண்டார். உனக்கு என்னதான் வேண்டும் என்று ராவ் கேட்டபோது, ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு வயிற்றுப்பாடு தீர்ந்தால் போதும் என்ற விதமாகப் பதில் சொன்னார். 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் போட்டார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எதிர்பாராத இடையூறுகளால் மேலே படிக்க முடியாமல் போனதையும், அது முதல் தம் பொழுதையெல்லாம் கணிதத்திலேயே செலவிட்டு வருவதையும் அதில் ஒளிக்காமல் எழுதினார். மார்ச்சு முதல் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். படிப்பு நின்று போன வருஷங்களை அவர் மறைக்கவும் இல்லை; அவற்றுக்கு ஜோடனை செய்யவும் இல்லை. அந்த வருஷங்களில் என்ன செய்தார் என்பதைச் சொன்னார்.

"அவர் ராமானுஜன், மாமா!" என்றாள் பெண்.

"விண்ணப்பம் போட்ட அன்று அவர் பரீட்சையில் தவறிய ஒரு பையன்தானே?" என்றேன். பெண் சிரித்துவிட்டாள். நோட்டுப் புத்தகம் அன்று இரவு பீரோ மேல் ஏறியது.

மறுநாளிலிருந்து நாங்கள் விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்தோம். சொந்த ஊர் கும்பகோணம் என்று எழுதியிருக்கிறாயே, அங்கே பிறந்த பாங்கி எது? 1904-இல் கும்பகோணம் பாங்கி என்று ஆரம்பித்து, இப்போது ஸிடி யூனியன் பாங்கி என்று பெயர் பெற்றிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை; தினம் அதன் வாசல் வழியாகத்தான் கடைக்குப் போகிறாள்! முதல் விருப்பமாக இந்தியன் பாங்கியைக் குறித்திருக்கிறாயே, அது எப்படித் தோன்றியது? 1906-இல் அர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி முறிந்து, சென்னை மாகாணத்தில் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்து நின்ற சமயத்தில், நம்மவர் பணத்தை நம்மவரே காக்க வேண்டும் என்று வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானோர் முயன்று 1907-இல் ஏற்படுத்திய சுதேசி ஸ்தாபனம் அது என்று சொன்னேன். 1969-இல் தேசிய மயமான 14 பாங்கிகளில் அதுவும் ஒன்று. 2020-இல் அலகாபாத் பாங்கி அதனோடு இணைந்தது. இதைக் கேட்டதும், "அப்படியானால் ஒரு பாட்டி வந்து, என் பணம் பத்திரமா என்று கேட்டால் என்ன சொல்வது?" என்று அவளே ஒரு கேள்வி போட்டாள். இப்படித் தன்னைத் தானே கேட்க ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாங்கி முறிந்தாலும் ஒருவருக்கு ஒரு பாங்கியில் 5 லட்சம் ரூபாய் வரையில் இன்ஷூரன்ஸ் உண்டு, 2020-க்கு முன் அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது என்பதைத் தேடிக் கண்டுபிடித்துப் பாட்டிக்குப் புரியும்படி சொல்லப் பழகினாள். என் மனைவியே பாட்டியாக நடித்தாள். நடிக்க அதிகச் சிரமப்படவில்லை என்று எழுதினால் வீட்டில் கலகம் வரும்.

இங்கிலீஷ் விஷயத்தில்தான் பெண்ணுக்குக் கிலி. நீண்ட வாக்கியத்தில் ஏறி, நடுவழியில் இறங்கத் தெரியாமல் தவிப்பாள். "சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு. ஒன்று முடிந்ததும் மூச்சு விடு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு" என்றேன். தெரியாது என்பதைக் கூசாமல், தலை குனியாமல் சொல்லத்தான் அதிகப் பயிற்சி தேவைப்பட்டது. இரண்டு நாள் முழுக்க அதைப் பழகினோம். கமிட்டியில் இருந்த காலத்தில், ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னதற்காக எவருக்கும் நாங்கள் மார்க்கைக் குறைத்ததில்லை. தெரியாததைத் தெரிந்தது போல் சுற்றி வளைத்தவர்களுக்குக் குறைத்ததுண்டு.

இதற்கு நடுவில் என் தமக்கை டெலிபோனில் கூப்பிட்டாள். "தம்பி, கமிட்டியில் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள். பெற்ற மனம், கோபித்துக்கொண்டு என்ன பிரயோசனம்? அவளுடைய சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஸ்ரீநகரில் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் எழுத்துப் பரீட்சைக்கு 100 மார்க்கு, நேர்முகத்துக்கு 50 மார்க்கு என்று வைத்து, இரண்டு மூன்று நிமிஷத்தில் தாய் தகப்பன், குடியிருப்பு பற்றிக் கேட்டு அனுப்பிவிட்டார்கள் என்று மாணவர்கள் வழக்காடினார்கள். 1980-இல் சுப்ரீம் கோர்ட்டு, இப்படி நேர்முகத்துக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமல்ல என்று சொல்லிற்று. 1985-இல் ஹரியானா மாகாண உத்தியோகங்கள் பற்றிய வழக்கிலும் நேர்முக மார்க்கு அதிகம் என்று கண்டித்தது. 2016 முதல் மத்திய சர்க்காரின் கீழ்நிலை உத்தியோகங்களுக்கு இண்டர்வியூவையே எடுத்துவிட்டார்கள். "அக்கா, உன் பெண் போகிற இடத்தில் எழுத்துப் பரீட்சைக்கு 80 பங்கு, இண்டர்வியூவுக்கு 20 பங்கு. எண்பது பங்கில் அவள் சம்பாதித்த மூட்டை பத்திரமாக இருக்கிறது. நான் யாரிடமாவது போய் நின்றால், இவள் பேசப் போவது இவளுக்கே பொய்யாகத் தோன்றிவிடும்" என்றேன். தமக்கை பேசாமல் இருந்தாள். பிறகு, "பச்சைப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மற்ற ஆயத்தங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசல் சர்ட்டிபிகேட்டுகள் ஒரு கட்டு, நகல்கள் ஒரு கட்டு. பெயரில் இருக்கும் தலையெழுத்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முதல் நாளே போய் இடத்தைப் பார்த்து வந்தோம். புதுச் செருப்பு வேண்டாம் என்று என் மனைவி தடுத்தது எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தராத புத்திமதி.

அன்றைய தினம் நான் வாசலில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். பெண் உள்ளே இருந்தது பன்னிரண்டு நிமிஷம். வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. காப்பி சாப்பிட்ட பிறகுதான் பேச்சு வந்தது. கும்பகோணம் பாங்கியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். பாட்டி வரவேயில்லை. கேட்ட இரண்டு கேள்விகளுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். இரண்டு வருஷம் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டார்களாம்.

"சொன்னேன், மாமா. கடிதாசு எதுவும் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கடைசியில் இருந்த ஒருத்தர், பழைய பாத்திரத்துக்கு எப்படிக் கழிவு போடுவீர்கள் என்று கேட்டார். ஈயம் பூசின பாத்திரத்துக்கு ஒரு கணக்கு, பூசாததுக்கு ஒரு கணக்கு என்று விவரமாகச் சொன்னேன். அவர் தன் வீட்டில் ஒரு பழைய அண்டா இருக்கிறதென்று சொல்லி, எடைக்குப் போட்டால் என்ன தேறும் என்று கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்."

முடிவு இன்னும் வரவில்லை. பெண் அன்று இரவே ரயிலேறிக் கும்பகோணம் போய்விட்டாள். கடையில் ஐந்தொகை எடுக்கும் சமயமாம். பத்து நாள் சிட்டை எழுதாமல் கிடக்கிறதாம்.